வெங்காயம் கிண்டி எடுக்கும் முன் கடிதம் போக வேண்டும்: உற்பத்தியாளர் சங்கத்துக்காக அரசோடு பேசப் போகிறவர்களுக்கு

“பிள்ளை, நீ படிச்சனி. எங்கட பிரச்சினையை மேலிடத்தில போய்க் கதை.” யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் வெங்காய, உருளைக்கிழங்கு, வாழைச் சங்கங்களில் இந்த வேலை பெரும்பாலும் இப்படித்தான் ஒருவர் தலையில் வந்து விழும். பதவிக்கு ‘இணைப்பாளர்’, ‘செயலாளர்’ என்று ஏதாவது பெயர் வைப்பார்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான்: தோட்டக்காரருக்கு வேண்டிய முடிவை அரசாங்கத்திடம் இருந்து பெற்றுக்கொண்டு வருவது. சில நாடுகளில் இப்படிப் பேசுகிறவர்கள் பெயர் பதிந்து, யாரைச் சந்தித்தார்கள் என்று கணக்கும் காட்ட வேண்டும். இலங்கையில் அப்படி ஒரு பதிவேடோ உரிமமோ இல்லை. யாரும் இறங்கலாம். அதனாலேயே எப்படிச் செய்வதென்று சொல்லித்தரவும் யாரும் இல்லை.

நான் இதைப் பழகியது ஆளாளுக்குக் கேட்டும், பிழையான மேசைகளில் காத்திருந்தும்தான். அந்த அலைச்சல் அடுத்தவருக்கு வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். சின்ன வெங்காயத்தை வைத்தே பெரும்பாலும் விளக்குகிறேன். உங்கள் பயிர் வேறென்றால் மாதங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விலை விழுந்த பிறகு போகும் சங்கத்துக்கு அனுதாபம் கிடைக்கும், முடிவு கிடைக்காது. கீழே உள்ள படிகள் எல்லாம் முன்கூட்டியே போய்ச் சேர்வதற்கான ஏற்பாடுதான்.

1. பிரச்சினை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

தோட்டக்காரர் உங்களிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவார்கள்: இந்திய வெங்காயம் வருகிறது, உரம் இல்லை, சந்தையில் கழிவு எடுக்கிறார்கள், காணி விடவில்லை. இவை ஒரே மேசைக்குரியவை அல்ல. பிரித்து எழுதுங்கள்.

சந்தைக் கழிவை எடுங்கள். நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவென்று எடுத்துவிட்டுத் தொண்ணூறுக்குக் காசு தரும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். இதற்குக் கொழும்பு போகத் தேவையில்லை, சந்தைச் சொந்தக்காரரிடம் போனால் போதும். மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகள் வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்கு உரியவை. திருநெல்வேலிச் சந்தை நல்லூர்ப் பிரதேச சபைக்கு உரியது. சந்தையைக் குத்தகைக்கு விடும்போது சபை நிபந்தனைகள் எழுதும். கழிவு கூடாது என்ற வரி அந்த நிபந்தனைகளில் ஏற வேண்டும். புதிய குத்தகைக்குக் கேள்விப் பத்திரம் (டெண்டர்) கோருவதற்கு முன்பே தவிசாளரையும் உறுப்பினர்களையும் சந்தியுங்கள். தராசு பிழை என்றால் அது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் வேலை.

விதை உற்பத்தி, செய்கை ஆலோசனை, மாகாணத்துக்குட்பட்ட குளங்கள் போன்றவை மாகாணத்திடம். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இதை எழுதும்வரை புதிய தேர்தல் நடக்கவில்லை. ஆகவே மாகாண விடயங்களில் ஆளுநரும் மாகாண விவசாய அமைச்சின் செயலாளரும்தான் உங்கள் ஆட்கள்.

இறக்குமதி வரி, இறக்குமதி அனுமதி, உரம், பயிர்க் காப்புறுதி எல்லாம் மத்தி. இதிலும் பிரிவு உண்டு. இறக்குமதி செய்யும் வெங்காயத்துக்கு விதிப்பது விசேட வியாபாரப் பண்ட அறவீடு. 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சர் வர்த்தமானியில் (அரசிதழில்) கட்டளை வெளியிட்டு அதை விதிக்கிறார். விவசாய அமைச்சர் பரிந்துரை செய்யலாம், கையெழுத்து நிதி அமைச்சருடையது. விவசாய அமைச்சுக்கு மட்டும் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் சங்கங்கள் அதிகம் விழும் குழி. இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா வேண்டாமா என்பது 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் வேறொரு மேசை.

இன்னொரு குழப்பம் ஊரிலேயே இருக்கிறது. கமநல சேவை நிலையம் மத்திய அரசின் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடையது. விவசாயப் போதனாசிரியர் மாகாணத் திணைக்களத்தவர். பல இடங்களில் இருவரும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் ஒருவரிடம் சொன்னால் மற்றவருக்கும் போய்விடும் என்று நினைப்போம். போகாது. இருவருக்கும் தனித்தனியே பிரதி கொடுங்கள்.

வலிகாமம் வடக்கில் படையினர் வசமுள்ள காணிகளின் விடுவிப்பு பெரிய விடயம், நியாயமான விடயம். ஆனால் அதை வெங்காய வரிக் கடிதத்துக்குள் செருகாதீர்கள். நிதி அமைச்சின் உத்தியோகத்தர் அந்தப் பந்தியைக் கண்டதும் கடிதம் முழுவதையும் வேறு அமைச்சுக்கு அனுப்பிவிடுவார். அதற்குத் தனிக் கடிதம், தனி ஃபைல்.

2. சங்கத்தின் காகிதங்களை ஒழுங்கு செய்யுங்கள்

“நீங்கள் யாரைப் பிரதிநிதித்துவம் செய்கிறீர்கள்?” முதல் சந்திப்பில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஊர் மட்டத்தில் கமக்கார அமைப்பாகப் பதிவதுதான் இலகு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் உங்கள் கமநல சேவை நிலையம் ஊடாகவே செய்யலாம். கூட்டுறவுச் சங்கமாகவும் பதியலாம், அதற்குக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதியலாம். கம்பனி என்றால் செயலாளர், கணக்காய்வாளர், வருடாந்த அறிக்கை என்று ஒவ்வொரு வருடமும் காசு போகும். வெளியில் இருந்து நிதி வரவும் சம்பளத்துக்கு ஆள் வைக்கவும் தொடங்கிய பிறகு அதை யோசிக்கலாம் என்பது என் கருத்து. தொடக்கத்தில் ஏழாலை, குப்பிழான், புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய் என்று அயல் ஊர்களின் பதிந்த கமக்கார அமைப்புகள் ஒரே கடிதத்தில் சேர்ந்து முத்திரை குத்தினால் அதுவே கனதி.

ஃபைலில் எப்போதும் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், யாப்பு, நிர்வாகிகள் பட்டியல், கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, வங்கிக் கணக்குக் கூற்று, உறுப்பினர் பட்டியல். உறுப்பினர் பட்டியலில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, பயிர், செய்கைப் பரப்பு ஆகிய நிரல்கள் போதும். அடையாள அட்டை இலக்கம் உள்ள பிரதியை வெளியே கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு ஒரு சுருக்கப் பிரதி வைத்திருங்கள்.

இந்தக் கோரிக்கையைச் செய்யும்படி உங்களுக்கு அதிகாரம் தரும் தீர்மானம் கூட்ட அறிக்கையில் இருக்க வேண்டும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு எழுதுவியுங்கள். “சங்கத் தலைவர் சொன்னார், வந்தேன்” என்பது கூட்டத்தில் எதிர்த்தரப்பு வாய் திறந்ததும் நிற்காது.

3. உங்களுக்கான காகிதம்

நியமனக் கடிதம் இல்லாமல் தொடங்காதீர்கள். என்ன வேலை, யாருக்கு அறிக்கை, பயணச் செலவு எப்படி, எவ்வளவு காலம் என்று ஒரு பக்கம். மாதச் சம்பளத்துக்கு வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், சங்கத்தின் பங்கு 12 வீதம்; அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குச் சங்கம் 3 வீதம். சங்கங்கள் இதை மறந்துபோய், பிறகு நிலுவையும் தண்டமும் கட்டும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

“வரி கூட்டித் தந்தால் இவ்வளவு தருகிறோம்” என்ற பேச்சு வந்தால் மறுத்துவிடுங்கள். முடிவுக்கு இவ்வளவு என்று காசு பேசியவரை எந்த உத்தியோகத்தரும் நம்ப மாட்டார்.

4. எண்கள், உங்கள் சொந்த எண்கள்

அதிக நேரத்தை இதில் செலவழியுங்கள். கொழும்பில் உங்கள் எதிரே இருப்பவரிடம் ஏற்கெனவே எண்கள் இருக்கும். மத்திய வங்கியின் அன்றாட விலை அறிக்கையில் கொழும்புப் புறக்கோட்டை, தம்புள்ளைச் சந்தைகளின் விலைகள் இருக்கும். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் மொத்த, சில்லறை விலைகளை வெளியிடுகிறது. விவசாயத் திணைக்களம் போகத்துக்குப் போகம் செய்கைச் செலவுக் கணக்கு போடுகிறது. அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான்: யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் கைக்கு உண்மையில் வந்த காசு.

அதற்கு ஒரு விலைக் கொப்பி வேண்டும். மருதனார்மடமோ திருநெல்வேலியோ, ஒரு சந்தையைத் தெரிந்து காலையிலேயே போகும் உறுப்பினர் ஒருவரிடம் கொடுங்கள். ஆறு நிரல்கள்: திகதி, கொண்டுபோன கிலோ, கழிவு போக நிறுத்த கிலோ, கிலோ விலை, ஏற்றுக்கூலி, கையில் வந்த காசு. வியாபாரி தரும் துண்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள். துண்டு தராத இடமும் உண்டு. அப்படியென்றால் “துண்டு இல்லை” என்று எழுதட்டும். அறுவடைக் கிழமைகளில் ஒரு நாளும் விடாமல் எழுதிய கொப்பி, ஆயிரம் கையெழுத்து மனுவை விடப் பலமானது. நான் இதை முழு நம்பிக்கையோடு சொல்கிறேன். கூட்டத்தில் அதைத் திறந்து வைத்தால் பேச்சு உடனே மாறும்.

செலவுப் பக்கம்: விதை வெங்காயம், உழவு, பாத்தி கட்டல், நடுகைக் கூலி, இறைப்புக்கான மின்சாரம் அல்லது எண்ணெய், உரம், மருந்து, களை எடுப்பு, கிண்டும் கூலி, பிடி கட்டும் கூலி, ஏற்றுக்கூலி. விதை வெங்காயம்தான் பெரிய செலவு. சொந்த விதை என்றாலும் அன்றைய சந்தை விலையில் கணக்கிடுங்கள். வீட்டார் உழைப்புக்கும் கூலி போடுங்கள், ஆனால் தனி வரியில். திணைக்களக் கணக்கிலும் அது தனியாகத்தான் காட்டப்படும், ஒப்பிட இலகு.

இனி அலகு. நாங்கள் பரப்பில் பேசுவோம். கொழும்பில் ஏக்கரும் ஹெக்டெயரும். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு ஹெக்டெயர் ஏறக்குறைய 40 பரப்பு. அந்தர் என்ற பழைய நிறைக் கணக்கு வேண்டாம், எல்லாம் கிலோவில்.

கழிவைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். உதாரணத்துக்கு, ஒரு கிலோவுக்குச் செலவு 150 ரூபா என்று வைப்போம். 150 ரூபாவுக்கு விற்றால் நட்டம் இல்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். நூறு கிலோவுக்குத் தொண்ணூறுக்குத்தான் காசு கிடைக்கிறது என்றால், செலவு மட்டும் வருவதற்கே விலை 167 ரூபாவுக்குக் கிட்ட இருக்க வேண்டும். இந்த 17 ரூபா எந்த அரசாங்கக் கணக்கிலும் இல்லை. உங்கள் கடிதத்தில் இருக்கட்டும்.

கடைசியாகப் பயிரின் பெயர். பெரிய வெங்காயம் வேறு, சின்ன வெங்காயம் வேறு. சுங்கம் பொருட்களை வகைப்படுத்தும் எச்.எஸ். இலக்கப் பட்டியலில் இரண்டும் 0703.10 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. தேசிய பட்டியலின் உட்பிரிவில்தான் பிரியும். தற்போதைய சுங்கப் பட்டியலைப் பார்த்து முழு இலக்கத்தையும் எழுதுங்கள். வெறுமனே “வெங்காயம்” என்று எழுதிய கோரிக்கையால் தம்புள்ளைக்காரரின் பெரிய வெங்காயத்துக்கு வரி ஏறலாம். உங்கள் பயிர் அப்படியே கிடக்கும்.

5. நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

விதை வெங்காயம் நட்டால் இரண்டு, இரண்டரை மாதத்தில் கிண்டிவிடலாம். உருளைக்கிழங்கைக் கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனியில் எடுப்போம். அரசாங்கத்தின் நடைமுறை அதை விட மெதுவானது. கடிதம் பதிவாக, உரிய பிரிவுக்குப் போக, விவசாய அமைச்சிடம் அபிப்பிராயம் கேட்க, அது திரும்பிவர, நிதி அமைச்சில் குறிப்பு எழுத என்று கிழமைகள் போகும்.

கட்டளை வந்தாலும் உடனே பலன் வராது. அறவீடு துறைமுகத்தில் விழுவது. அதற்கு முன்பே இறங்கி வந்த சரக்கு புறக்கோட்டையில் விற்று முடியும்வரை விலை ஏறாது. ஆகவே பெருமளவில் கிண்டும் கிழமைக்கு ஒரு மாதம் முன்பாவது வர்த்தமானி வெளிவர வேண்டும். கடிதம் அதற்கும் இரண்டு மாதம் முன்பு. கூட்டிப் பார்த்தால் பாத்தி கட்டும் முன்பே கடிதம் போயிருக்க வேண்டும். நடுகைக்கு முன் இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசினால் உறுப்பினர் சலிப்படைவார்கள். சலிப்படையட்டும், கடிதத்தை அனுப்புங்கள்.

வர்த்தமானி எவ்வளவு சடுதியாக மாறும் என்பதற்குச் சீனியைப் பாருங்கள். 2020 ஒக்டோபரில் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த அறவீடு ஒரே கட்டளையில் 25 சதமானது. 2023 நவம்பரில் மீண்டும் ஒரே கட்டளையில் 50 ரூபாவானது. கட்டளை வெளிவந்த கணத்தில் நடைமுறைக்கு வந்துவிடும். ஆறுதலாகப் பேசலாம் என்று விடக்கூடிய விடயம் அல்ல இது.

வரவு செலவுத் திட்டத்துக்கு வேறு நாட்காட்டி. நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. உரை வழக்கமாக நவம்பரில். தேர்தல்கள் காரணமாக 2025 க்கான உரை அந்த வருடம் பெப்ரவரி 17 அன்றுதான் வந்தது. களஞ்சியம், குளிர்சேமிப்பு போன்று பணம் ஒதுக்க வேண்டிய கோரிக்கைகளை உரைக்குப் பல மாதம் முன்பே அமைச்சின் திட்டமிடல் பிரிவுக்கும் மாவட்டச் செயலகத் திட்டமிடல் கிளைக்கும் கொடுத்துவிட வேண்டும். நவம்பரில் கொண்டுபோனால் அடுத்த வருட உரைக்கான விதை போட்டதாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஒரு பக்கக் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பின்னிணைப்பு எவ்வளவும் இருக்கலாம். விடயத் தலைப்பில் கோரிக்கை முழுவதும் இருக்க வேண்டும். இப்படி:

“விடயம்: சின்ன வெங்காய இறக்குமதி மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீட்டை யாழ் மாவட்ட அறுவடைக் காலத்துக்கு மட்டும் அதிகரிக்கக் கோரல் (எச்.எஸ். இலக்கம்: …, காலம்: … முதல் … வரை).”

முதல் பந்தியில் யார் நாங்கள், எத்தனை பேர், எவ்வளவு ஏக்கர். இரண்டாவதில் செலவும் கைக்கு வந்த விலையும், கொப்பியில் இருந்து. மூன்றாவதில் என்ன வேண்டும், எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை. நான்காவது பந்தியைத்தான் சங்கங்கள் எழுதுவதில்லை: நுகர்வோருக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது இங்கே பெரிய வெங்காய விலை என்ன ஆனது என்பதை அந்த உத்தியோகத்தர் மறக்கவில்லை. விலை ஏறினால் நாளைக்கு அமைச்சரிடம் ஏச்சு வாங்கப்போவது அவர். ஆகவே நீங்களே முந்திக்கொள்ளுங்கள்: இந்தக் கிழமைகளில் எங்கள் மாவட்டத்தில் இருந்து மட்டும் இவ்வளவு கிலோ சந்தைக்கு வரும், அறுவடை முடிந்ததும் அறவீட்டைப் பழையபடி குறைப்பதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதுங்கள். வருடம் முழுவதும் வரி கேட்கும் கடிதத்தை விடக் காலம் குறித்த கடிதம் ஏற்கப்படும் வாய்ப்பு எவ்வளவோ அதிகம்.

மொழி பற்றி. எந்த அரச அலுவலகத்துடனும் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. தமிழ்க் கடிதம்தான் மூலக் கடிதமாக இருக்கட்டும், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் மொழிபெயர்ப்புக்காகக் கடிதம் எங்காவது ஒரு தட்டில் தூங்கும் நாட்களைத் தோட்டம் தாங்காது. சிங்களப் பிரதி ஒன்றையும் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் பின்னால் இணையுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கக் கணக்கில் காசு. ஒரு பக்கக் கடிதம் என்றால் சங்கத்துக்குத் தாங்கும். எண்களையும் பயிர்ப் பெயரையும் மூன்று மொழியிலும் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கடிதப் பிரதியின் மூலையில் ஸ்டேப்ளர் அடித்து வையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். “கடிதம் கிடைக்கவில்லை” என்ற பதிலுக்கு அந்த முத்திரை ஒன்றுதான் மறுமொழி.

7. ஊரில் இருந்து மேலே

கொழும்புக்கு நேரே போனால், “மாவட்டச் செயலாளரின் சிபாரிசு எங்கே?” என்று கேட்பார்கள். ஆகவே கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தொடங்குங்கள். மாவட்டச் செயலாளர் தலைமையில் மாவட்ட விவசாயக் குழுக் கூட்டம் நடக்கும். கமநல, விவசாய, நீர்ப்பாசன, காப்புறுதி ஆட்கள் ஒரே மேசையில் இருக்கும் இடம் அது. அதில் உங்கள் விடயம் நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும் என்றால் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். அன்று எழும்பி நின்று சொல்வது “ஏனைய விடயங்கள்” பகுதியில் கரைந்துவிடும். கூட்டம் முடிந்து சில நாளில் கூட்ட அறிக்கையில் உங்கள் விடயம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். “ஆராயப்பட்டது” என்று இருந்தால் அடுத்த கூட்டத்தில் திரும்பக் கேளுங்கள். “சிபாரிசு செய்யத் தீர்மானிக்கப்பட்டது” என்று இருந்தால் பிரதி வாங்கிக் கடிதத்தோடு இணையுங்கள்.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இரண்டும் அரசியல்வாதிகள் இருக்கும் கூட்டங்கள். அங்கே பத்திரிகைக்காரரும் இருப்பார்கள், நேரம் குறைவு. இரண்டு வாக்கியத்தில் கேட்டு, கடிதப் பிரதியைக் கையில் கொடுங்கள். எல்லாக் கட்சியினருக்கும் ஒரே கடிதத்தைக் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் அதை அவருடைய விடயம் என்று விட்டுவிடுவார்கள்.

8. கொழும்பு

இரவு பஸ் அல்லது ரயில். விடியப் போய்ச் சேர்ந்தால் முகம் கழுவி, உடுப்பு மாற்ற ஓர் இடம் முன்பே பேசி வையுங்கள். விவசாய அமைச்சு பத்தரமுல்லையில். நிதி அமைச்சு கோட்டைப் பக்கம், பழைய செயலகத்தில். இரண்டையும் ஒரே காலையில் முடிக்க நினைக்காதீர்கள். வீதி நெரிசல் விடாது. நிதி அமைச்சில் நீங்கள் தேட வேண்டியது வணிகம் மற்றும் முதலீட்டுக் கொள்கைத் திணைக்களம். அமைச்சரைச் சந்தித்துப் படம் எடுப்பதை விட, அந்தத் திணைக்களத்தில் குறிப்பு எழுதும் உதவிப் பணிப்பாளரோடு இருபது நிமிடம் கிடைப்பது பெரிது. அமைச்சர் இறுதியில் வாசிப்பது அவர் எழுதிய குறிப்பைத்தான்.

நேரம் வாங்காமல் போகாதீர்கள். பாராளுமன்றம் கூடும் கிழமைகளில் அமர்வுகள் பெரும்பாலும் செவ்வாய் முதல் வெள்ளி வரை நடக்கும். மூத்த உத்தியோகத்தர் பலர் அங்கே போய்விடுவார்கள். அந்தக் கிழமை பாராளுமன்ற உறுப்பினர்களைப் பிடிக்க நல்லது, அமைச்சு வேலைக்கு ஆகாது.

இரண்டு பேர் போங்கள். ஒருவர் நீங்கள், மற்றவர் மண்வெட்டி பிடிக்கும் ஒருவர். எண்களை நீங்கள் சொல்லுங்கள். “இந்த முறை என்ன நடந்தது ஐயா?” என்று அவரிடம் கேட்டால் அவர் சொல்லட்டும். மூன்றாவது, நான்காவது ஆள் செலவு மட்டுமே.

பாராளுமன்றத்தில் இரண்டு கதவுகள் பயன்படும். அறவீட்டுக் கட்டளைகளை ஆராய்வது அரசாங்க நிதி பற்றிய குழு. உங்கள் ஒரு பக்கக் கடிதத்தை அதன் தலைவருக்கும் அனுப்புங்கள். குழு உத்தியோகத்தரிடம் கேட்கும் கேள்விகளில் உங்கள் எண் ஏறலாம். மற்றது பொது மனுக்கள் பற்றிய குழு. அதற்கு நேரே மனு போட முடியாது, ஒரு பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகத்தான். அது மெதுவான வழி. அறுவடைப் பிரச்சினைக்கு உதவாது, வருடக் கணக்காக இழுபடும் நட்டஈடு போன்றவற்றுக்குப் பொருந்தும்.

9. பதில் வராவிட்டால்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். பிரஜை யாரும் கேட்கலாம். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினராவது பிரஜைகளாக உள்ள சங்கமும் கேட்கலாம். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. போட்டோக் கொப்பியில் முதல் நான்கு ஏ4 பக்கம் இலவசம், அதற்கு மேல் ஒரு பக்கப் பிரதிக்கு 2 ரூபா. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் விடயம் இருக்கிறது. “அடுத்த மாதம் வரியைக் கூட்டுவீர்களா?” என்று கேட்டால், பொருளாதார முடிவுகள் முன்கூட்டியே வெளியாவதைத் தடுக்கும் விதிவிலக்கைக் காட்டி மறுப்பார்கள். “இந்தத் திகதியில் கிடைத்த எமது கடிதம் எந்த உத்தியோகத்தரிடம், எந்த நிலையில் உள்ளது? அதன் மீது எழுதப்பட்ட குறிப்பின் பிரதி தருக” என்று கேளுங்கள். ஒரு அலுவலகத்தில் மாதக் கணக்காகக் கிடந்த எங்கள் கடிதம் இப்படிக் கேட்ட பிறகுதான் அசைந்தது. சுங்கத்திடம் கடந்த ஐந்து வருடங்களில் மாதா மாதம் இறங்கிய சின்ன வெங்காயத்தின் கிலோ அளவைக் கேளுங்கள். உங்கள் அறுவடை மாதங்களுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். அடுத்த கடிதத்துக்கு அதை விட நல்ல பின்னிணைப்பு இல்லை.

10. கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள்

2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் கொடுத்தவரும் வாங்கியவரும் குற்றவாளிகள். தனியார் துறை இலஞ்சமும் அதற்குள் வருகிறது. இறக்குமதியாளர் ஒருவர், “இந்த முறை கொஞ்சம் அமைதியாய் இருங்கோ” என்று கவர் நீட்டினால் அதுவும் விளையாட்டல்ல. கறுத்தக்கொழும்பான் காலத்தில் ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுபோகச் சொல்லிச் சங்கப் பெரியவர்கள் பாசத்தோடு கட்டித் தருவார்கள். கோரிக்கை நிலுவையில் இருக்கும் மேசைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். எங்கள் ஊர் வழக்கத்தில் அது மரியாதை. ஃபைலில் அது கேள்விக்குறி.

சங்கக் காசு எந்த வேட்பாளருக்கும் போகக் கூடாது. 2023 இன் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டத்துக்குப் பிறகு வேட்பாளர்கள் வரவு செலவு காட்ட வேண்டும், உங்கள் சங்கத்தின் பெயர் அதில் வந்தால் மறுபக்கக் கதவு மூடிக்கொள்ளும். சங்க நிர்வாகி தேர்தலில் நிற்கிறார் என்றால் அந்தக் காலத்துக்கு அவரைக் கடிதத்தில் கையெழுத்திட வைக்காதீர்கள். அவர் கோபிக்கலாம். பொதுக்கூட்டத்தில் முன்கூட்டியே விதியாக எழுதிவிட்டால் தனிப்பட்ட மனத்தாங்கல் குறையும்.

11. வர்த்தமானி வந்த அன்று

அதிவிசேட வர்த்தமானிகள் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வரும். தமிழ்ப் பிரதி சில வேளை பிந்தும், சிங்கள அல்லது ஆங்கிலப் பிரதியை உடனே இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றைப் பாருங்கள்: எச்.எஸ். இலக்கம் உங்கள் பயிருக்குரியதா, கிலோவுக்கு எவ்வளவு, எந்தத் திகதி வரை. பத்திரிகையில் “வெங்காய வரி கூடியது” என்று வந்ததை வைத்து உறுப்பினருக்குச் செய்தி அனுப்பாதீர்கள், அது பெரிய வெங்காயமாக இருக்கலாம்.

உறுப்பினர்களுக்குச் சொல்லும்போது பழைய சரக்கு விற்று முடியும்வரை விலை உடனே ஏறாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவசரப்பட்டு மேலும் பத்துப் பரப்பு நடுவார்கள். விலைக் கொப்பியை நிறுத்த வேண்டாம். கட்டளைக்கு முன், பின் என்று இரண்டு பக்கமும் எழுதியிருந்தால்தான் அடுத்த முறை அதே மேசையில் அதன் பலனைக் காட்டலாம். அப்புறம், கட்டளை முடியும் திகதியைச் சங்கக் கலண்டரில் சிவப்பால் வட்டமிட்டு, அதற்கு மூன்று மாதம் முன்பு “அடுத்த கடிதம்” என்று எழுதிவிடுங்கள்.